நூற்று எண்பத்தோராம் நாள்

புது டெல்லியின் கோல் மார்க்கெட் அரசு ஊழியர்களை மனத்தில் வைத்து எழுந்த பகுதி. 1921-இல் கட்டிய பன்னிரண்டு பக்கச் சந்தைக் கட்டடம் நடுவில் நிற்க, அதைச் சுற்றிக் குமாஸ்தாக்களின் குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக எழுந்தன. தலைநகரில் சர்க்கார் உத்தியோகம் பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே குடியிருந்திருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் படிக்க மந்திர் மார்க்கில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. கடைத்தெரு, பிர்லா மந்திர், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை, குழந்தைகளுக்கென்றே உள்ள கலாவதி சரண் மருத்துவமனை எல்லாமே நடந்து போகிற தூரம்தான். நார்த் பிளாக்கும் சாஸ்திரி பவனும்கூடத் தொலைவில் இல்லை. ஆனால் இந்த வரைபடத்தைப் போட்டவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஆபீஸ் போவார், இன்னொருவர் வீட்டிலேயே இருப்பார் என்று நினைத்தே போட்டார்கள். இன்று அதே குவார்ட்டர்ஸ் பெண் ஊழியர்களின் பெயரிலும் ஒதுக்கப்படுகின்றன. கணவனும் மனைவியும் ஒன்றாகப் பூட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வீடுகள் பல. மத்திய அரசு தரும் மகப்பேறு விடுப்பு 180 நாள். 181-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்குக் குழந்தை யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கு அந்தப் பழைய வரைபடத்தில் விடை கிடையாது.

குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினையாகவே பேசப்படுகிறது: ஊரிலிருந்து பாட்டியை வரவழைப்பதா, வீட்டோடு ஆயா வைப்பதா, காப்பகத்தில் விடுவதா? பேச்சு உடனே பாசம், நம்பிக்கை, குற்ற உணர்வு என்று திரும்பிவிடும். முடிவு எடுக்கும் பொறுப்பும், எடுத்த முடிவு தவறினால் வரும் பழியும் தாயின் தலையில் விழும். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், பார்த்துக்கொள்பவர் இன்னார் என்பதைவிட முக்கியமாக மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒரு ஜோடிக் கைக்கு எத்தனை குழந்தைகள்? அதே கைகள் எத்தனை மாதம் மாறாமல் இருக்கும்? அம்மாவோ அப்பாவோ எவ்வளவு நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியும்? கை, நிலைப்பு, தூரம் என்ற இம்மூன்றையும் ஒரு குடும்பம் தன் சாமர்த்தியத்தால் ஓரளவுக்குத்தான் பெற முடியும். மீதியைத் தீர்மானிப்பவை சட்டமும் சம்பளமும் நகரத் திட்டமும்தான். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

முதலில் வயது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த 26 வார விடுப்பும் ஏறக்குறைய அதே ஆறு மாதம். இரண்டும் பொருந்துவதுபோலத் தோன்றும். நடைமுறையில், பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம்வரை விடுப்பு எடுக்கலாம் என்பதால், முன்கூட்டியே விடுப்பில் போன தாய் குழந்தைக்கு நான்கு மாதம் கடந்ததுமே வேலைக்குத் திரும்ப நேர்கிறது. முழு ஆறு மாதம் கிடைத்தாலும், திரும்பும் நேரம் இணை உணவு தொடங்கும் நேரமாகிறது. அடுத்த சில வாரங்களில், ஏழு முதல் ஒன்பது மாதத்துக்குள், பெரும்பாலான குழந்தைகளுக்குப் புதுமுகம் கண்டு மிரளும் பருவம் வருகிறது. புது உணவு, புது ஆள், புது இடம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. கறந்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் நான்கு மணி நேரம் கெடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். டெல்லியின் மே, ஜூன் வெயிலில் குளிர்சாதனப் பெட்டியும் இடைவிடாத மின்சாரமும் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஆக ‘தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்’ என்ற அறிவுரையே தூரத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தையைத் தாய் தவிர வேறொருவர் கையில் விடுவதே தவறு என்பது மிகப் பழைய ஆட்சேபம். அதற்கு அறிவியல் வலு தேடுகிறவர்கள் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியைச் சுட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் எழுதிய அறிக்கை பெரிதும் சார்ந்திருந்தது விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நீண்ட காலம் பெற்றோரைப் பிரிந்து கிடந்த குழந்தைகளை. மாலையில் அம்மாவோடு வீடு திரும்பும் குழந்தையின் நிலை வேறு. அந்த வேறுபாட்டை அளக்கவே அமெரிக்காவில் 1991-இல் பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடரும் ஆய்வு தொடங்கப்பட்டது. 1997-இல் வந்த அதன் முடிவு இது: பகல்நேரப் பராமரிப்பில் இருப்பது மட்டுமே தாய்-சேய்ப் பிணைப்பைக் குலைக்கவில்லை, தாயின் கவனிப்பும் குறைவாக இருந்து, காப்பகத்தின் தரமும் மோசமாக இருந்த இடங்களில்தான் பிணைப்பு ஆட்டம் கண்டது. தரமான பராமரிப்பு பெற்ற குழந்தைகளிடம் மொழியும் அறிவுத்திறனும் சற்றே கூடுதலாக வளர்ந்தன. நீண்ட நேரம் மையங்களில் இருந்தவர்களிடம் அடம், சண்டை போன்ற நடத்தைகள் சற்று அதிகம் தெரிந்தன. இவை எல்லாவற்றையும்விட வலுவான காரணியாக இருந்தது குடும்பச் சூழல்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று கனடாவின் கியூபெக் மாகாணம். 1997-இல் அங்கே நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பு கொண்டுவரப்பட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தது. ஆனால் பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதைக் காட்டியது. இந்த முடிவைத் தட்டிக்கழிக்க முடியாது. சரியாக வாசிக்கத்தான் வேண்டும். தேவை திடீரென்று பெருகியபோது இடங்களும் அவசரமாகப் பெருக்கப்பட்டன. பிறகு தரத்தை அளந்தவர்கள், பெரும்பாலான இடங்கள் குறைந்தபட்சத் தரத்தில்தான் இருந்தன என்றும், பெற்றோர் பங்கேற்ற லாபநோக்கற்ற மையங்கள் தனியார் வணிக மையங்களைவிட மேல் என்றும் கண்டார்கள். மலிவாக இடம் தருவது ஒன்று, நல்ல இடம் தருவது வேறொன்று. கியூபெக்கின் பாடம் காப்பகமே கூடாது என்பதாக இருந்தால், அதே மாகாணத்துக்குள் நல்ல மையத்துக்கும் மோசமான மையத்துக்கும் இடையே வேறுபாடு தெரிந்திருக்காது. இந்தியா கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் கைகளின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நமக்குக் கிடைப்பது.

கை, நிலைப்பு, தூரம் என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம். பாட்டி, தாத்தா என்றால் கைக் கணக்கில் நூற்றுக்கு நூறு. குழந்தைக்கு ஒரு முகம், தாய்மொழி, தாலாட்டு எல்லாம் கிடைக்கும். கோல் மார்க்கெட் போன்ற இடத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் ஒட்டுவதே பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இந்த ஏற்பாட்டின் செலவு கணக்கில் வருவதில்லை. அறுபது வயதைத் தாண்டியவர் தவழும் குழந்தையின் பின்னால் ஒன்பது மணி நேரம் ஓட வேண்டும். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ தன் வீட்டை, தன் மருத்துவரை, தெருவில் பேசுகிற மனிதர்களை விட்டுவிட்டு, இந்தி தெரியாத ஊரில், டெல்லிக் குளிரிலும் நவம்பர் புகைமூட்டத்திலும் அடைந்து கிடக்க வேண்டும். இன்றைய பாட்டிகளில் பலர் தாங்களே ஓய்வு பெறாத ஊழியர்கள். இன்னொரு பேத்தியும் மதுரையில் பிறந்தால் நிலைப்பு போய்விடும். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். மகளின் உத்தியோகத்தைத் தாயின் கூலியில்லா உழைப்பால் காப்பாற்றுவது அந்தச் சுமையை ஒரு தலைமுறை பின்னால் தள்ளுவதுதான். பாட்டி வருவது பேறு. பாட்டி வந்தே ஆக வேண்டும் என்ற நிலைமை, இல்லாத ஒரு பொதுச் சேவையின் இடத்தை அவரைக் கொண்டு நிரப்புவது.

ஆயா வைப்பதும் ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடிக் கை என்ற கணக்கில் நல்லதாகவே தெரியும். தூரமும் இல்லை, குழந்தை தன் வீட்டிலேயே இருக்கும். சிக்கல் மேற்பார்வையிலும் நிலைப்பிலும் வருகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் வேலையைப் பார்க்கிற இரண்டாவது கண் இல்லை. ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் இல்லை. ஊருக்குப் போனவர் திரும்பாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. டெல்லியில் இந்த வேலைக்கு வருகிற பெண்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஏஜென்சிகள் மூலம் வருபவர்கள். அந்த ஏஜென்சிகளை நெறிப்படுத்த டெல்லி அரசு 2014-இல் ஓர் ஆணை போட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011-ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. சம்பளம், வார விடுமுறை, விடுப்பு எல்லாம் எஜமானியின் மனத்தைப் பொறுத்தது. காவல் நிலையத்தில் ஆயாவின் அடையாளத்தைச் சரிபார்ப்பது திருட்டைத் தடுக்க உதவலாம். குழந்தையைக் கொஞ்சத் தெரியுமா, மூச்சுத்திணறினால் என்ன செய்வது என்று தெரியுமா என்பதை அது சொல்லாது. ஆயாவுக்கும் ஒரு குழந்தை இருக்கக்கூடும், அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் இந்த ஏற்பாடு எழுப்பாமல் இருக்க முடியாது.

மூன்றாவது வழியான காப்பகத்துக்கு டெல்லியிலேயே நீண்ட வரலாறு உண்டு. மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்காக 1954-இல் தொடங்கிய கிருஹ கல்யாண் கேந்திரா அரசுக் குடியிருப்புகளிலும் அலுவலகங்களிலும் காப்பகங்கள் நடத்திவருகிறது. 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டுமானம் நடந்தபோது, செங்கல் சுமந்த பெண்களின் கைக்குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ் என்ற காப்பக அமைப்பு. இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தன் வாழ்நாள் முழுதும் அளந்தவர் மீனா சுவாமிநாதன். எழுத்தாளர் கிருத்திகாவின் மகளாகத் தமிழ் வாசகர்கள் அவரை அறியலாம். ஏழைத் தாய்மாருக்கு எங்கெங்கே என்ன காப்பக வசதி உண்டு என்று அவர் தொகுத்த ஆய்வை 1985-இல் வெளியிட்டது பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையம். அந்த மையம் இன்று இருப்பது கோல் மார்க்கெட்டின் பாய் வீர் சிங் மார்க்கில். காப்பகம் ஒரே நேரத்தில் மூவருக்குப் பயன்படுகிறது என்பது அவர் வலியுறுத்திய வாதம்: தாய் வேலை செய்ய முடிகிறது, குழந்தை வளர்கிறது, தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்றுவிடும் அக்கா பள்ளிக்குப் போகிறாள். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் பெரும்பாலும் சில மணி நேரமே திறந்திருந்ததால், முழுநாள் உழைக்கும் தாய்க்கு அது காப்பகமாகவில்லை.

சட்டங்கள் குறைவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் காப்பகம் கேட்டது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் ஐம்பது பெண்களைக் கணக்கு வைத்தன. பெண்களை எண்ணிக் கடமை விதிக்கும் சட்டம் முப்பதாவது பெண்ணோடு ஆள் எடுப்பதை நிறுத்திக்கொள்ள முதலாளிக்குக் காரணம் தருகிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் இதைச் சரியாகவே மாற்றியது: ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்கப் போகலாம். ஆனால் கோல் மார்க்கெட்டின் மிட்டாய்க் கடை, மருந்துக் கடை, தையல் கடைகளில் ஐம்பது பேர் எங்கே? வீட்டு வேலைக்கு வருகிறவரை எந்த நிறுவனக் கணக்கில் சேர்ப்பது? டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு உண்டென்று சொல்லவே 2000-இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தரத்தின் கதையும் இப்படித்தான். 2013 தேசிய முன்பருவக் குழந்தைக் கொள்கை மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர். நெருப்புப் பிடித்தால் ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்தாலே பத்து என்ற எண் எவ்வளவு பெரியது என்று தெரியும். 2017-இல் தேசியக் காப்பகத் திட்டம் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயும் உதவியாளருக்கு 1,500 ரூபாயும் நிர்ணயித்தது. டெல்லியின் அன்றைய குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தொகை. அந்தச் சம்பளத்தில் ஒருவர் ஒரே இடத்தில் நிலைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் நிலைக்காவிட்டால் குழந்தைக்கு முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் விடுப்பையே நீட்டலாமே என்ற ஆட்சேபம் வரும். அதில் பாதி உண்மை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்றுக்கு ஒருவர் என்று ஆள் வைப்பது செலவு மிகுந்த வேலை. அந்த முதல் ஆண்டைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பால் கடப்பதே குழந்தைக்கும் கஜானாவுக்கும் நல்லது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021-இல் பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது இந்த வகையில் சரியான முடிவு. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 2008 முதல் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. அதை மறுப்பது பெண்களை வேலையிலிருந்தே விரட்டும் என்று 2024 ஏப்ரலில் இமாசலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த விடுப்பை ஐந்து நாளுக்குக் குறைவாக எடுக்க முடியாது, ஆண்டுக்கு மூன்று தவணைதான். காப்பகத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் குழந்தைக்கு அடிக்கடி வரும் இரண்டு நாள் சளிக் காய்ச்சலுக்கு அந்த விதி பொருந்தவில்லை. தந்தைக்கோ 15 நாள்தான். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய்க்கு இந்த 730 நாளும் கிடையாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ வரம்புக்குள் வந்தால் ஒழிய அவருடைய விடுப்புச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். தாய்க்கு மட்டும் நீளும், முதலாளி மட்டும் செலவு ஏற்கும் விடுப்பு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயக்கமும் கூடும். அந்தச் செலவை முதலாளி மட்டுமே சுமக்கக் கூடாது, சமூகக் காப்பீடு சுமக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை சொல்வதும் இதனால்தான். எத்தனை நீண்ட விடுப்புக்கும் ஒரு முடிவு உண்டு. அன்று கேள்வி திரும்ப வரும்.

காப்பகம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் சிறிய விஷயமில்லை. 2025 ஆகஸ்டில் திறந்த மத்திய அரசு அலுவலகக் கட்டடமான கர்த்தவ்ய பவன்-3 இல் காப்பகத்துக்கு இடம் வைத்திருப்பது வரவேற்கத்தக்கது. பால் கொடுக்கும் தாய்க்கு அலுவலகத்தோடு ஒட்டிய இடமே உகந்தது. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையை நெரிசல் மெட்ரோவில் கொண்டுபோய்க் கொண்டுவருவதைவிட வீட்டுப் பக்கத்துக் காப்பகம் மேல். தாய்க்கு இடமாற்றம் வந்தாலும் தந்தையோ பாட்டியோ கூட்டி வரலாம், காப்பகம் மாறாது. அலுவலகக் காப்பகம் தாயின் வேலையோடு கட்டுண்டது. தெருவின் காப்பகம் குழந்தையின் வாழ்க்கையோடு கட்டுண்டது. 2022 முதல் வந்த பால்னா திட்டம் அங்கன்வாடியையே முழுநாள் காப்பகமாக்க முயல்வது இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. ஊதியமும் ஆள்விகிதமும் உயராமல் பெயர்ப் பலகை மட்டும் மாறினால் அது கியூபெக்கின் பிழையை இன்னும் குறைந்த செலவில் செய்வதாகும்.

இத்தனைக்கு நடுவிலும் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு குடும்பம் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அளவுகோல் அவர்களுக்கும் அதேதான். காப்பகத்தின் சுவர்ச் சித்திரங்களையும் கேமராவையும் பார்ப்பதற்கு முன், சொல்லாமல் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கைக்குழந்தைகள் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணலாம். அங்கே வேலை செய்பவர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று அவரிடமே கேட்கலாம். துணி மாற்றிய கையைக் கழுவுகிறார்களா, பால் எங்கே வைக்கப்படுகிறது என்று பார்க்கலாம். பெர்லின் நகரக் காப்பகங்களில் முதல் மூன்று நாளும் பெற்றோர் குழந்தையோடே இருப்பார்கள், நான்காம் நாள்தான் சில நிமிடம் விலகிப் பார்ப்பார்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, விடுப்பின் கடைசி இரண்டு வாரத்தை ஒதுக்கினால் போதும். அந்த இரண்டு வாரத்தில் தந்தையின் 15 நாளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த விடுப்பைக் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. பாட்டி இருந்தால் அவர் முழுநேரப் பொறுப்பாளராக இல்லாமல், காய்ச்சல் நாளுக்கும் மாலை நேரத்துக்கும் துணையாக இருக்கட்டும்.

இதெல்லாம் நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பது கடைசி ஆட்சேபம். இப்போதும் ஒருவர் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்: தன் முதுமையைக் கொடுக்கும் பாட்டி, குறைந்த கூலிக்கு உழைக்கும் ஆயா, சொற்ப ஊதியம் வாங்கும் காப்பகப் பணியாளர், வேலையை விட்டுவிட்ட தாய். அவர்களில் யாரும் பட்ஜெட்டில் தெரிவதில்லை என்பதால் அந்தச் செலவு இல்லை என்றாகிவிடாது. புதுத் தலைநகரைத் திட்டமிட்டபோது சந்தையும் பள்ளியும் மருத்துவமனையும் அதிகாரியின் சொந்த விருப்பத்துக்கு விடப்படவில்லை. குடியிருப்பு இருக்கும் இடத்தில் அவை இருந்தே ஆக வேண்டும் என்று கருதப்பட்டது. ஆயிரம் குடும்பங்களுக்கு இத்தனை என்று ரேஷன் கடைக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் கணக்கு வைக்கிற அரசு, கைக்குழந்தைக் காப்பகத்துக்கும் அதே கணக்கை வைக்கலாம். அதில் வேலை செய்பவருக்கு ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு நிகரான ஊதியமும் தரலாம். அதுவரை 181-ஆம் நாள் எடுக்கும் முடிவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம்தான்; மோசமாக அமைந்தால் அதற்கான பழியைத் தாயிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.